ஒரு வயிற்றுப் பிள்ளைகள்

திண்டுக்கல் பக்கத்து நேயர் ஒருவர் நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் வீட்டில் இப்போது மூன்று கட்சிகள் ஏற்பட்டிருக்கின்றனவாம். தகப்பனார் காலத்துப் புல்லட் ஒன்று கொட்டகையில் நிற்கிறது. அதைப் போலவே புதிதாக ஒன்று வாங்க வேண்டும் என்பது இவர் கட்சி. "அது தாத்தா வண்டிப்பா! எனக்கு ஹண்டர்தான் வேணும்" என்பது கல்லூரிப் படிப்பை முடித்த மகன் கட்சி. "நீங்க ரெண்டு பேரும் எதை வேணாலும் வாங்குங்க. பின்னாலே உட்காரப் போறவ நான். என்னை யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்பது வீட்டு அம்மாள் கட்சி. "எல்லாமே ராயல் என்ஃபீல்டு, எல்லாமே முன்னூற்றைம்பது. பெயரையும் பெயின்டையும் தவிர இவற்றுக்குள் என்ன பெரிய வித்தியாசம் இருந்துவிடப் போகிறது, ஐயா?" என்று கேட்டுக் கடிதத்தை முடித்திருக்கிறார்.

நேயர் கேட்டது நியாயமான கேள்விதான். எஞ்சினைப் பொறுத்தவரை அவர் சொல்வது வாஸ்தவமே. 349 ஸி.ஸி., சுமார் இருபது குதிரைச் சக்தி, ஐந்து கியர். இந்த எஞ்சின் 2020 நவம்பரில் மீட்டியரில் முதன்முதலாக வந்தது. 2021-ல் கிளாசிக்குக்கும், 2022-ல் ஹண்டருக்கும், 2023-ல் புல்லட்டுக்கும் அதையே வைத்தார்கள். ஆக, நாலு பேரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஆனால் ஒரு வயிற்றில் பிறந்துவிட்டால் குணமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று சட்டமா என்ன? உங்கள் வீட்டிலேயே பாருங்கள்!

கொட்டகையில் நிற்கும் மூத்தவரை முதலில் விசாரித்துவிடுவோம். இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் என்ஃபீல்டு கம்பெனியார் 1901-லேயே மோட்டார் சைக்கிள் செய்துவிட்டார்கள். 'புல்லட்' என்ற பெயர் 1930-களின் தொடக்கத்தில் வந்தது. நமது ராணுவத்தார் எல்லைக் காவலுக்கு உகந்த வண்டி என்று 350 புல்லட்டுகளை நூற்றுக்கணக்கில் கேட்கவே, 1955-ல் மதராஸ் மோட்டார்ஸாரும் ரெட்டிச் கம்பெனியாரும் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பித்தார்கள். திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 1970-ல் இங்கிலாந்துக் கம்பெனி அடியோடு மூடப்பட்டது. திருவொற்றியூர்ப் பிள்ளை மட்டும் பிழைத்துக்கொண்டது. தாய் வீடு இடிந்த பிறகும் பல வருஷங்கள் அதே பழைய அச்சில் வண்டிகள் வந்துகொண்டிருந்தன.

அந்த வண்டியில் ஏறினவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏறாதவர்களுக்காகச் சொல்கிறேன். சிலிண்டரின் வாய் 70 மில்லி மீட்டர். உள்ளே பிஸ்டன் ஓடும் தூரம் 90. குறுகலான வாய், நீண்ட ஓட்டம், கனத்த ஃப்ளைவீல். இதனால் எஞ்சின் நிதானமாகச் சுற்றும். ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாகக் காதில் விழும். ஏற்றத்தில் கியரை மாற்றாமலே, கிழவர் படியேறுவதுபோல, அவசரப்படாமல் ஏறிவிடும். ஐம்பது அறுபது கிலோ மீட்டர் வேகத்தில் அந்தச் சுகமே தனி. எண்பதைத் தாண்டினால் ஹாண்டில்பாரிலும் ஃபுட்ரெஸ்டிலும் அதிர்ச்சி ஏறும். நூறு கிலோ மீட்டர் தூரம் அப்படி ஓட்டினால், இறங்கின பிறகும் கொஞ்ச நேரம் கை தன்பாட்டுக்கு நடுங்கிக்கொண்டிருக்கும்.

கிளப்புவதே ஒரு சடங்கு. சாவியைத் திருப்ப வேண்டும். ஆம்மீட்டர் முள் நடுவில் வந்து நிற்கும் வரை கிக்கரை மெல்ல அழுத்த வேண்டும். டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து இன்னும் ஒரு இம்மி இறக்க வேண்டும். லீவரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே மூச்சில் முழுசாக மிதிக்க வேண்டும். அரைமனதோடு மிதித்தவர்களைக் கிக்கர் திருப்பி மிதித்திருக்கிறது!

நேயரே, சிரிப்பை விட்டுவிட்டு இதைக் கொஞ்சம் கவனியுங்கள். கொட்டகையில் நிற்பது பழைய நாலு கியர் வண்டியாயின், அதன் கியர் வலது காலில். பின் பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. இன்றைய வண்டிகள் எல்லாம் இதற்கு நேர் எதிர்: கியர் இடது, பிரேக் வலது. உங்கள் மகன் புதிய வண்டியில் பழகியவர். ஒரு நாள் ஆசைக்காகத் தாத்தா வண்டியை எடுத்துக்கொண்டு போகிறார். குறுக்கே ஓர் ஆடு வருகிறது. பழக்க தோஷத்தில் வலது காலை ஓங்கி மிதிக்கிறார். அங்கே பிரேக் இல்லை. கியர் அடுத்ததற்குப் போகிறது, வண்டி மேலே ஓடுகிறது! பழைய வண்டியிலேயே முப்பது வருஷம் ஓட்டிய நீங்கள் புதிய வண்டியில் ஏறினாலும் இதே ஆபத்துத்தான். மூளைக்குத் தெரிந்தது காலுக்குத் தெரியச் சில வாரங்களாவது ஆகும். அதுவரை ஆளற்ற சாலையில் நாற்பதைத் தாண்டாமல் பழக வேண்டும். ஒரே வீட்டில் இரண்டையும் வைத்துக்கொண்டு ஒருவரே மாற்றி மாற்றி ஓட்டுவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

இனிப் புதியவர்கள். இந்த எஞ்சினில் பாலன்ஸர் ஷாஃப்ட் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். பிஸ்டன் மேலும் கீழும் குதிப்பதால் எழும் ஆட்டத்தை, எதிர்த் திசையில் சுற்றும் ஓர் எடை சமன் செய்துவிடுகிறது. கை நடுங்குவதில்லை, கண்ணாடியில் பின்னால் வரும் லாரி தெளிவாகத் தெரிகிறது. பிஸ்டன் ஓட்டம் இன்னமும் 85.8 மில்லி மீட்டர் இருப்பதால் நிதானமான இழுவையும் போய்விடவில்லை. ஆனால் அந்தத் தடதடப்பு? சைலன்சரில் தாளம் கேட்கிறது. உடம்பில் அது ஏறுவதில்லை. அப்பா வண்டியின் நாடியைத் தேடி நீங்கள் ஷோரூமுக்குப் போனால் ஏமாற்றந்தான். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போவது நல்லது.

எஞ்சின் ஒன்றாயிருக்கக் குணம் எங்கே பிரிகிறது என்றால், முக்கியமாகச் சக்கரத்தில். கிளாசிக்கிலும் புல்லட்டிலும் முன் சக்கரம் 19 அங்குலம், பின் சக்கரம் 18. ஹண்டரில் இரண்டும் 17. பெரிய சக்கரம் பள்ளத்தின் மேலே உருண்டு போகும்; சின்னச் சக்கரம் அதற்குள் இறங்கி ஏறும். அதே சமயம் பெரிய சக்கரம் திரும்பச் சோம்பல்படும். சின்னது சொன்ன பேச்சைக் கேட்கும். ஹண்டரின் இரு சக்கரங்களுக்கும் இடையேயுள்ள நீளமும் சற்றுக் குறைவு. எடை 181 கிலோ, கிளாசிக் 195. வித்தியாசம் பதினாலு கிலோ, அதாவது ஒரு சமையல் காஸ் சிலிண்டருக்குள் இருக்கும் காஸ் அளவு! தி.நகர் நெரிசலில் ஹண்டர் மீன்குஞ்சு மாதிரி நெளிந்து போகிறதென்றால் இதுதான் காரணம். பின் ஸ்பிரிங் கட்டை மாதிரி இருக்கிறது என்று ஆரம்பத்தில் பலர் முணுமுணுத்தார்கள். 2025-ல் அதை மாற்றி அமைத்தார்கள். அதற்கு முந்தின ஹண்டரைச் செகண்ட் ஹாண்டில் வாங்குகிறவர்கள் மோசமான ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டே பணத்தை எண்ண வேண்டும்.

மீட்டியர் ஒரு சாய்வு நாற்காலி. சீட் தரையிலிருந்து 765 மில்லி மீட்டர். கிளாசிக்கைவிட ஒன்றரை அங்குலத்துக்கு மேல் தாழ்வு. குட்டையானவர்களுக்கு இரண்டு காலும் தரையில் பதியும். அது பெரிய தைரியம். கால்களை முன்னால் நீட்டி, ராஜா மாதிரி உட்கார்ந்து திருச்சி வரை போகலாம். நாற்கரச் சாலை முடிந்து ஊருக்குள் நுழைந்ததும்தான் சங்கதி தெரியும். கிளாசிக்கில் ஃபுட்ரெஸ்ட் ஏறக்குறைய நம் உடம்புக்குக் கீழேயே இருக்கிறது; ஸ்பீட் பிரேக்கர் வந்தால் காலை ஊன்றி ஓர் அங்குலம் எழுந்து கொடுக்கலாம். கால் முன்னால் நீண்டிருக்கும்போது அப்படி எழ முடியாது. வருகிற அடி நேராக முதுகெலும்புக்குப் போகும். முதுகுவலிக்காரர்கள் சொகுசு வண்டி என்று மீட்டியரைத் தேடிப் போகிறார்கள். நம் ஊர் ஸ்பீட் பிரேக்கர்களை எண்ணிப் பார்த்துவிட்டுப் போனால் தேவலை.

இப்போது அம்மாள் கட்சிக்கு வருகிறேன். மூன்று கட்சிகளில் என் ஓட்டு அந்தக் கட்சிக்குத்தான். கிளாசிக்கும் புல்லட்டும் சக்கரத்திலும் எடையிலும் இரட்டையர். ஆனால் கிளாசிக்கில் ஓட்டுகிறவருக்கு ஒரு சீட், பின்னால் வருகிறவருக்குத் தனியாக ஒரு சின்னச் சீட். புல்லட்டில் ஒரே நீளச் சீட். புடைவை கட்டிக்கொண்டு ஒருபக்கமாக உட்காருகிறவருக்கு நகர்ந்துகொள்ள இடம் வேண்டாமா? பிரேக் போடும்போதெல்லாம் முன்னால் சரிந்து, உங்கள் சட்டையைப் பிடித்துத் தொங்குகிறவருக்குத்தான் அந்த நாலு அங்குலத்தின் அருமை தெரியும். பின்சீட்டுக்குக் கைப்பிடியும், கால் வைக்க ஃபுட்ரெஸ்டும், புடைவை சிக்காமல் பின் சக்கரத்துக்கு மறைப்பும் இருக்க வேண்டும் என்பது சட்டம். அழகு கெடுகிறது என்று மகன் அந்த மறைப்பைக் கழற்றச் சொன்னால் தயவு செய்து இணங்காதீர்கள்.

"650 வாங்கினால் என்ன?" என்று இன்னும் சில கடிதங்கள். 2018-ல் வந்த இன்டர்செப்டரும் கான்டினென்டல் ஜி.டி.யும் இரட்டைச் சிலிண்டர், 47 குதிரைச் சக்தி, ஆறு கியர். இவையும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தான். முதலாவதில் நிமிர்ந்து உட்காரலாம். இரண்டாவதில் ஹாண்டில்பார் தாழ்வு, ஃபுட்ரெஸ்ட் பின்னால், பந்தயக்காரர் மாதிரிக் குனிய வேண்டும். இருபத்தைந்து வயதில் அது வீரம். ஐம்பதில் மணிக்கட்டு வலி. இன்னொன்று: இவற்றுக்கு இரண்டு பக்கமும் சைலன்சர். ஒருபக்கமாக உட்காருகிறவரின் காலுக்குப் பக்கத்திலேயே ஒன்று கொதித்துக்கொண்டு வரும். வரிக் கணக்கும் உண்டு: 2025 செப்டம்பர் 22 முதல் 350 ஸி.ஸி. வரையுள்ள வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆக இறங்கியது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 ஆயிற்று. 2023-ல் வந்த 452 ஸி.ஸி. ஹிமாலயன் தனி ஜாதி. முன் சக்கரம் 21 அங்குலம். எஞ்சினுக்குத் தண்ணீர்க் குளிர்ச்சி. மலைப் பாதைக்குப் போகிறவர்களுக்கு அது. மளிகைக் கடைக்குப் போக ஏணி போட்டா ஏறுவது?

ஷோரூமுக்கு மூன்று பேருமாகப் போங்கள். நாலு வண்டிகளையும் ஒரே நாளில், ஒரே ரோட்டில் ஓட்டிப் பாருங்கள். ஒன்றை இன்றும் மற்றதை அடுத்த வாரமும் ஓட்டினால் ஞாபகம் ஏமாற்றும். புறப்படும் முன் டயர்களில் காற்றைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். காற்று ஏறியோ இறங்கியோ இருந்தால் நல்ல வண்டியும் முரடாகத் தோன்றும். கடைக்காரர் காட்டும் வழுவழுப்பான ரோட்டை ஒதுக்கிவிட்டு, குண்டும் குழியுமான ஒரு தெருவில் அம்மாளைப் பின்னால் வைத்துக்கொண்டு போய் வாருங்கள். திரும்பி வந்து எஞ்சினை நிறுத்தியபின், கடை வாசல் சரிவில் வண்டியை இறக்கி, மறுபடியும் பின்பக்கமாக மேலே தள்ளிப் பாருங்கள். தினம் இரவு வீட்டுக்குள் ஏற்றி நிறுத்தும்போது கூடத் தள்ள மகன் இருப்பார் என்பது என்ன நிச்சயம்?