டெனேரிஸ் திடீர்னு மாறலை மக்கா!

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' முடிவைத் திட்டுபவர்கள் எல்லாரும் பாடும் ஒரே பாட்டு: "டெனேரிஸ் திடீர்னு கெட்டவளாயிட்டா." திடீர்னா? முதல் சீசனிலேயே சூனியக்காரியை உயிரோடு எரித்தாள். மீரீனில் 163 எஜமானர்களைச் சிலுவையில் அறைந்தாள். அப்போதெல்லாம் விசிலடித்தது யாரு? நாமதானே! செத்தவர்கள் கெட்டவர்கள் என்பதால் நமக்கு உறைக்கவில்லை. கடைசியில் எரிந்தது கிங்ஸ் லாண்டிங் ஜனம். அதான் வலிக்குது.

என் கோபமே வேறு. பத்துப் பத்து எபிசோடாக ஆறு சீசன் நிதானமாகக் கதை சொன்னவர்கள், 2019-இல் கடைசி சீசனை ஆறே எபிசோடில் அவசரமாக முடித்தார்கள். மணியடித்துச் சரணடைந்த ஊரை அவள் ஏன் எரித்தாள் என்று நாம் உணர அவகாசமே இல்லை. முடிவு சரி, அவசரம்தான் அநியாயம்.

மறுபடி எடுக்கச் சொல்லி மனுப் போட்டவங்களே, எதை மாத்தணும்? முடிவையா, வேகத்தையா? :-)