கைப்பேசியும் மருந்தாளுநரும்

இன்று மருத்துவர் கூறுமுன்பே மருந்தின் பெயரை வாட்ஸ்அப் கூறிவிடுகிறது. அதன் விளைவை 2020-இல் கண்டோம். கொரோனாவுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் அருமருந்து எனச் செய்தி பரவியதும், மக்கள் அதனை வாங்கிக் குவித்தனர். மூட்டுவாதத்திற்கும் லூபஸ் நோய்க்கும் அம்மாத்திரையையே நம்பியிருந்தோர் அது கிடைக்காமல் அவதியுற்றனர். மத்திய அரசு மார்ச் 26-இல் அதன் விற்பனையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. அம்மருந்து கொரோனாவுக்குப் பயனற்றது என்பதும் பின்னர் ஆய்வுகளில் தெளிவாயிற்று.

அதே கைப்பேசியால் நன்மையும் உண்டு. 2023 ஆகஸ்ட் முதல், அதிகம் விற்பனையாகும் 300 மருந்துகளின் உறையில் பார்கோடு அல்லது கியூஆர் குறியீடு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அதனை ஸ்கேன் செய்தால் தயாரிப்பாளர் பெயர், தொகுதி எண், காலாவதி நாள் ஆகியவற்றை அறியலாம்.

ஆனால், அம்மருந்து உங்கள் சிறுநீரகத்திற்கு ஏற்றதா, நீங்கள் உட்கொண்டு வரும் வேறு மாத்திரையோடு முரண்படுமா என்பதைக் குறியீடு கூறாது. நோயாளிக்கு மருந்து குறித்து விளக்கம் அளிப்பது மருந்தாளுநரின் பொறுப்பு என 2015-ஆம் ஆண்டின் மருந்தாளுநர் பணி விதிமுறைகள் கூறுகின்றன. அவ்விளக்கத்தைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை.

எனவே சகோதர, சகோதரிகளே! கைப்பேசியில் வந்த செய்தியை நம்பி மருந்து வாங்காதீர்கள். மருத்துவர் எழுதித் தந்ததை வாங்கும்போதும், மருந்தாளுநரிடம் ஒரு வார்த்தை கேட்டு வாங்குங்கள்.