மில் வேலைக்கு ஆள் எடுப்பு: விவசாயி போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

ஆடிப் பட்டத்தில் விதைத்த நிலக்கடலை விழுது இறங்கும் தருணத்தில் மழை ஏமாற்றிவிட்டால், மானாவாரிக் கிராமங்களுக்கு இரண்டு பேர் தவறாமல் வந்து சேருகிறார்கள். ஒருவர் வட்டிக்குப் பணம் கொடுப்பவர். மற்றவர் நூற்பு மில்லுக்கு ஆள் சேர்ப்பவர். முதலாமவரிடம் எச்சரிக்கையாக இருக்க விவசாயிகள் பட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார்கள். இரண்டாமவரிடம் அந்த எச்சரிக்கை போதவில்லை.

நிலக்கடலை விதை வாங்கப் போகும் விவசாயி மூட்டையில் கட்டியிருக்கும் அட்டையைப் புரட்டிப் பார்க்கிறார். வெள்ளை அட்டையானால் ஆதார விதை, நீல அட்டையானால் சான்று விதை என்று அறிந்து வைத்திருக்கிறார். முளைப்புத் திறன் 70 சதவீதமாவது இருக்கிறதா, சோதனை செய்த தேதி என்ன என்று கேட்கிறார். ஒரு பருவத்துப் பயிருக்கு இத்தனை விசாரணை. ஆனால் மகளையோ மகனையோ மில்லுக்கு அனுப்பும்போது "மாசம் எவ்வளவு வரும்? சாப்பாடு, தங்க இடம் உண்டா?" என்ற இரண்டு கேள்வியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எந்தப் பெயரில் வேலைக்கு எடுக்கிறார்கள், என்ன காகிதம் தருகிறார்கள் என்று கேட்பவர்கள் குறைவு.

மில் வேலை வேண்டாம் என்று சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. இரண்டு ஏக்கர் மானாவாரி நிலத்தை மட்டும் நம்பி ஐந்து பேர் வாழ முடியாது. மாதந்தோறும் தவறாமல் வரும் ஒரு சம்பளம், மழை பொய்த்த ஆண்டில் ஆட்டையும் மாட்டையும் விற்காமல் காப்பாற்றும். ஆனால் அந்தச் சம்பளம் மாதந்தோறும் கைக்கு வர வேண்டும். தகராறு முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

கோவையில் ஸ்டேன்ஸ் மில் 1888இல் வந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் கிடைத்த பிறகு மில்கள் பெருகின. அன்று புதிய ஆளை எடுப்பது மேஸ்திரியின் கையில் இருந்தது. அவர் ஊருக்குப் போய் ஆள் கூட்டி வருவார், வேலைக்கு வைப்பார், பிடிக்காவிட்டால் நிறுத்துவார், இடையில் தமக்கு உரியதை எடுத்துக்கொள்வார். இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்த விட்லி குழு 1931இல் தந்த அறிக்கையிலேயே, ஆள் எடுக்கும் அதிகாரம் மேஸ்திரியிடம் இருக்கக்கூடாது என்று கூறப்பட்டது. பின்னர் சங்கங்கள் வந்தன, பதிலி ஆட்களுக்குப் பதிவேடு வந்தது, நிரந்தர வேலை என்ற சொல்லுக்குப் பொருள் வந்தது. அந்த நாளில் மில் வேலை கிடைத்த வீட்டுக்கு ஊரில் தனி மரியாதை இருந்தது.

1990களுக்குப் பின் நிலைமை மாறியது. புதிய நூற்பு மில்கள் நகரத்தை விட்டு வெளியே, திண்டுக்கல், ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களின் கிராமப்புறங்களில் எழுந்தன. நிரந்தரத் தொழிலாளிக்குப் பதிலாக, தென் மாவட்டங்களின் மானாவாரிக் கிராமங்களிலிருந்து இளம் பெண்களை மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் எடுத்து விடுதியில் தங்க வைக்கும் முறை பரவியது. மூன்று ஆண்டு முடிந்தால் மொத்தமாக 30,000 முதல் 50,000 ரூபாய், அது திருமணச் செலவுக்கு ஆகும் என்றார்கள். 'சுமங்கலித் திட்டம்' என்ற மங்களகரமான பெயரும் அதற்கு ஒட்டிக்கொண்டது. 2011இலும் 2014இலும் நெதர்லாந்து நாட்டு ஆய்வு அமைப்பு ஒன்று வெளியிட்ட அறிக்கைகளால் வெளிநாட்டுத் துணிக் கடைகள்வரை இது பேச்சானது. பெயர் இப்போது பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஆனால் 'மொத்தத் தொகை' என்ற சொல் ஆள் சேர்ப்பவர் வாயில் இன்னும் வந்தால், விவசாயி அதைக் காதில் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கக்கூடாது. கணக்குப் போட வேண்டும்.

மூன்று ஆண்டுக்கு 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 26 நாள் வேலையானால் 36 மாதத்தில் 936 நாள். வகுத்துப் பார்த்தால் நாளொன்றுக்கு 53 ரூபாய் சொச்சம். அந்த 53 ரூபாய் யாரோ மனமிரங்கித் தரும் பரிசு அல்ல. அந்தப் பெண் அன்றன்று உழைத்துச் சம்பாதித்த கூலியில் பிடித்து வைத்தது. முதல் நாள் கூலி மூன்று ஆண்டும் கடைசி நாள் கூலி ஒரு நாளும் மில்லில் கிடக்கும் என்பதால், சராசரியாக ஒன்றரை ஆண்டு அந்தப் பணம் முழுவதும் மில்லிடம் வட்டியில்லாமல் இருக்கிறது என்று கொள்ளலாம்.

இதே விவசாயி கரும்பு பயிரிட்டு ஆலைக்கு வெட்டி அனுப்பினால் எப்படி நடந்துகொள்கிறார்? 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பு கொடுத்த 14 நாளுக்குள் ஆலை பணம் தர வேண்டும். தாமதித்தால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி சேர்த்துத் தர வேண்டும். நிலுவை வைத்த ஆலைகளின் வாசலில் விவசாயிகள் கூடி நின்று கேட்டிருக்கிறார்கள், நியாயமாகவே. அந்த 15 சதவீதத்தை மேலே சொன்ன 50,000 ரூபாய்க்குப் போட்டால் ஒன்றரை ஆண்டுக்கு 11,250 ரூபாய் வட்டி ஆகிறது. கரும்புக்கு வட்டி கேட்ட வாய் மகளின் கூலிக்கு ஏன் கேட்கவில்லை? கரும்புக்காவது 14 நாள் தவணை உண்டு. மாதச் சம்பளத்துக்கு அதுவும் இல்லை. ஒரு மாதத்துச் சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பதே சட்டம். மூன்று ஆண்டு எங்கே, ஏழு நாள் எங்கே!

இடையில் பெண்ணுக்கு உடம்புக்கு முடியாமல் போனாலோ, வீட்டில் ஒரு சாவு நேர்ந்து திரும்பிப் போகத் தாமதமானாலோ, ஒப்பந்தம் முறிந்தது என்று சொல்லி மொத்தத் தொகையைக் கொடுக்காமல் விடும் அபாயமும் இதில் இருந்தது. இரண்டரை ஆண்டு உழைத்தவள் வெறுங்கையோடு வீடு திரும்புவது, கதிர் முற்றிய வயலில் வெள்ளம் புகுந்ததற்குச் சமம். வெள்ளத்துக்காவது நிவாரணம் கேட்டு மனுக் கொடுக்கலாம்.

மாதாமாதம் கையில் கொடுத்தால் செலவாகிவிடும், மொத்தமாக வந்தால்தான் கல்யாணத்துக்கு மிஞ்சும் என்று பெற்றோரே சொல்வதுண்டு. இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதற்கு வழி, சம்பளத்தை மில்லிடம் விட்டு வைப்பதல்ல. அஞ்சலகத்தில் பெண்ணின் சொந்தப் பெயரில் தொடர் வைப்புக் கணக்கு ஒன்று தொடங்கி, சம்பளம் வந்த வாரத்தில் ஒரு தொகையைக் கட்டி வருவதே வழி. வட்டியும் சேரும், வேலையை விட்டு வந்தாலும் பணம் போகாது. வரதட்சணை 1961 முதல் சட்ட விரோதம் என்பதையும் இந்த இடத்தில் நினைவுபடுத்தத்தான் வேண்டியிருக்கிறது. மகளின் கூலியைச் சேர்த்து மகளுக்கே விலை கொடுப்பது விசித்திரமான வரவு செலவு.

அடுத்தது 'பயிற்சி' என்ற சொல். நூற்பு மில்லில் புதிதாகச் சேருபவருக்குக் கிடைக்கும் வேலை எது என்று தெரிந்தால் இந்தச் சொல்லின் எடை விளங்கும். பஞ்சுப் பொதியைப் பிரித்துப் போடுவது, கூட்டிப் பெருக்குவது, கழிவுப் பஞ்சு அள்ளுவது ஆகியவை ஹெல்பர் வேலை. ரிங் பிரேமில் நூல் நிறைந்த காப்களை எடுத்துவிட்டு வெறுங்குழல் மாட்டுவது டாபர் வேலை. இழை அறுந்த இடத்தில் நடந்து போய் ஒட்டிவிடுவது சைடர் வேலை. பிறகு கோன் வைண்டிங். கைப்பழக்கமும் கண் கூர்மையும் வேண்டிய வேலைகளே. எளியவை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் சில மாதங்களில் பழகிவிடக் கூடியவை. அதற்கு மூன்று ஆண்டு பயிற்சி என்பது, நெல் நாற்றை 25 நாளில் பறித்து நடாமல் அறுவடைக் காலம் வரை நாற்றங்காலிலேயே விட்டு வைப்பது போன்றது. நாற்று வளருகிறதே என்று பார்ப்பவருக்குத் தோன்றும். தூர் கட்டாது.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எல்லாமே பெயரில்தான் இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தில் வரும் பழகுநருக்கு வைப்பு நிதியும் இ.எஸ்.ஐ.யும் பிடிப்பதில்லை, கொடுப்பதும் சம்பளமல்ல, உதவித்தொகை. ஆனால் அந்தச் சட்டப்படியான பழகுநர் என்றால் பதிவு செய்த ஒப்பந்தம் ஒன்று இருக்க வேண்டும். "பயிற்சி ஆள்" என்று வாயால் சொல்லிவிட்டு அந்த ஒப்பந்தத்தைக் காட்ட முடியாத மில்லில், செய்வது முழு ஆள் வேலை, பெறுவது அரை ஆள் கூலி என்று ஆகிவிடும். தமிழ்நாட்டில் 1981இல் வந்த சட்டம் ஒன்றின்படி, 24 மாதங்களில் 480 நாள் வேலை செய்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும். அந்த 480 நாளை எண்ணிக் காட்ட வருகைப் பதிவும் சம்பளச் சீட்டும் கையில் இருந்தாக வேண்டும். ஆகவே முதல் மாதத்திலிருந்தே சம்பளச் சீட்டுகளைப் பட்டா, சிட்டா வைக்கும் பெட்டியிலேயே போட்டு வைப்பது நலம்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், வேலைக்கு எடுக்கும் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்று கூறுகின்றன. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் எடுத்தவருக்கும் ஓராண்டு வேலை செய்திருந்தால் பணிக்கொடை உண்டு. எனவே விவசாயி இந்தக் கடிதத்தைக் கேட்பது தயவை அல்ல. கடிதத்தில் வேலையின் பெயர், சம்பளம், சேர்ந்த தேதி மூன்றும் தெளிவாக இருக்கிறதா என்று, படிக்கத் தெரிந்த ஒருவரை வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

சம்பளத்தில் வைப்பு நிதிக்கு 12 சதவீதம் பிடித்தால், "பிடிக்கிறார்களே" என்று வருந்த வேண்டியதில்லை. மில்லும் அதே அளவு தன் பங்கைக் கட்ட வேண்டும். 12 இலக்கம் கொண்ட கணக்கு எண் ஒன்று தருவார்கள். வேறு மில்லுக்குப் போனாலும் அதே எண் தொடரும். பிடித்துவிட்டு எண்ணைச் சொல்லாமல் இருந்தால்தான் வருந்த வேண்டும். இ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளியிடம் பிடிப்பது நூற்றுக்கு முக்கால் ரூபாய்தான். நோயில் படுத்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்க அது வழி செய்கிறது. மில் வேனில் வேலைக்குப் போகும் வழியில் விபத்து நேர்ந்தாலும் இந்தக் காப்பு உண்டு. விடியற்காலை வேன்கள் ஓடும் வேகத்தைப் பார்த்தவர்கள் இதன் அருமையை அறிவார்கள்.

புளோரூம், கார்டிங் பகுதிகளில் பஞ்சுத் தூசி அதிகம். ஆண்டுக்கணக்கில் அதைச் சுவாசித்தால் நுரையீரல் நோய் வரும். வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகி மூச்சு முட்டுவதே அதன் தொடக்க அடையாளம். சளி என்று நினைத்துக் கஷாயம் குடித்துவிட்டு விட்டுவிடக் கூடாது. இது தொழில் நோய் என்று இ.எஸ்.ஐ. சட்டத்தின் பட்டியலிலேயே இடம்பெற்றது. பயிருக்கு மருந்தடிக்கும்போது மூக்கில் துணி கட்டுபவர்கள், பிள்ளைகளுக்கும் முகமூடியைக் கட்டாயப்படுத்தி, மூச்சுத் தொல்லை வந்தால் வேறு பகுதிக்கு மாற்றித் தரும்படி கேட்கச் சொல்ல வேண்டும். 18 வயது நிறையாத பிள்ளைகளை எந்தப் பகுதிக்கும் அனுப்பவே வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைக்குக் கணக்குப் பார்க்கவும் கேள்வி கேட்கவும் தைரியம் வந்திருக்கும்.

மில்காரர்களுக்கும் ஒரு குறை உண்டு. உள்ளூர் ஆட்கள் நிலைப்பதில்லை, பொங்கலுக்குப் போனால் மாசி வரை திரும்புவதில்லை என்கிறார்கள். ஆள் கிடைக்காததால் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் என்று தொலைவிலிருந்து கூட்டி வருகிறார்கள். அப்படி வருபவர்களும் தங்கள் ஊரில் காய்ந்த நிலத்தை விட்டு வந்த சிறு விவசாயிகளின் பிள்ளைகள்தாம். அவர்களிடம் கோபப்படுவதில் நியாயமில்லை. ஆனால் இருபது கிலோமீட்டரில் இருக்கும் கிராமம் ஏன் நிலைப்பதில்லை என்று மில் நிர்வாகங்கள் யோசிக்க வேண்டும். விதைப்புக்கும் அறுவடைக்கும் வீட்டில் ஆள் தேவைப்படும் என்பது பஞ்சாங்கம் போல் முன்கூட்டியே தெரிந்த செய்தி. ஆடியிலும் தையிலும் முறை வைத்து விடுப்புத் தந்து, பழைய மில்களில் இருந்ததுபோல் பதிலி ஆட்களைப் பதிவேட்டில் வைத்துக்கொண்டால் பாதிப் பேர் சொல்லாமல் நின்றுபோவதைத் தடுக்கலாம். இன்று தமிழ்நாட்டு மில்களுக்கு வேண்டிய பஞ்சில் மிகச் சிறு பங்குதான் இங்கு விளைகிறது; மற்றது குஜராத், மகாராஷ்டிரம், தெலுங்கானாவிலிருந்து வருகிறது. ஆளையும் அப்படியே தொலைவிலிருந்து இறக்கிக் காலம் தள்ளிவிடலாம் என்பது செலவு மிகுந்த வழி.

தரகர் மூலம் போவதைவிட, விவசாயி தாமே ஒரு நாள் ஒதுக்கி மில்லுக்குப் போய் வருவது மேல். சான்றிதழ், ஆதார் ஆகியவற்றின் நகலை மட்டும் கொடுக்க வேண்டும். மூலத்தை யார் கேட்டாலும் கொடுக்கக்கூடாது. ஆபீசில் மரியாதையாக உட்கார வைத்துக் காப்பி கொடுத்துச் சொல்வதைக் கேட்டுக்கொள்ளலாம். பிறகு ஷிப்டு மாறும் நேரம் வரை வெளியே காத்திருந்து, வேலை முடிந்து வரும் பிள்ளைகளிடம், போன மாதச் சம்பளம் எந்தத் தேதியில் வந்தது என்று கேட்க வேண்டும். விடுதியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போக விடுகிறார்களா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு ஊர் திரும்பலாம்.