காமன் பொட்டல் யாருடையது?

மாசி அமாவாசை கழிந்துவிட்டால், நாவலப்பிட்டியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் தப்பொலி எழும். பகலெல்லாம் கொழுந்து பறித்துக் களைத்த மக்கள், காமனை ஊன்றி, இரவில் ரதி மதன் கதையை ஆடுவர். முடிவில் சிவனின் நெற்றிக்கண்ணால் மதன் எரிவான். இக்கூத்துக்குக் கொட்டகையில்லை, லயத்தருகே ‘காமன் பொட்டல்’ எனும் திடலே அரங்கம்.

1948ஆம் ஆண்டுச் சட்டம் இம்மக்களுள் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவின் கணக்கில் எழுதிற்று. தலைகளை எண்ணினார்களே தவிர, அவர்களுடன் கப்பலேறிய கலையை எண்ணினாரில்லை! எஞ்சியோர் கூத்தைக் கைவிடவில்லை.

முன்பு வீடு கட்ட ஏழு பேர்ச் நிலம் என்றார்கள். அது போதுமா என்பது வேறு வழக்கு. நிலம் அளக்க வருவோர் பொட்டலை வெறுங்காணியெனக் குறித்துவிட்டால் என் செய்வது? திடலும், அதன் ஓரத்து நிழல்மரங்களும், மகாவலிக்கு இறங்கும் ஓடைக்கரையும் ஊர்ப்பொதுவென எழுத்தில் பதியப்படல் வேண்டும். துரைமாரின் தயவில் இத்தனை காலம் ஆடியது போதும்.

சட்டமறிந்த அன்பர்கள் விண்ணப்பத்தை எழுதித் தரட்டும். எல்லையைக் காட்ட லயத்து முதியவர்கள் இருக்கிறார்கள்.