மூளையின் மதகைத் திறக்கும் கள்ளச்சாவி!

கல்வராயன் மலையின் அடிவாரத்தில், கச்சிராயபாளையம் அருகே கோமுகி அணை இருக்கிறது. மதகை அளவோடு திறந்தால் பயிர் விளையும். கண்டவன் எல்லாம் கண்ட நேரத்தில் திறந்தால்? பயிர் என்ன ஆகும்!

மனிதனின் மூளையிலும் மதகுகள் உண்டு.

அது எப்படி?

மூளை கோடிக்கணக்கான உயிரணுக்களால் ஆனது. அந்த அணுக்களின் சுவரில் நுண்ணிய மதகுகள் இருக்கின்றன. அவற்றைத் திறக்க உடம்பே ஒரு சாவி வைத்திருக்கிறது. அதன் பெயர் அசிட்டைல்கோலின். மதகு திறந்ததும் சோடியமும், கால்சியம் என்னும் சுண்ணாம்புச் சத்தும் உள்ளே பாயும். "பக்கத்து அணுவுக்குச் செய்தி அனுப்பு" என்பதற்குக் கால்சியம்தான் அடையாளம்.

புகையிலையில் உள்ள நிகோடின் ஒரு கள்ளச்சாவி! 1905-ம் ஆண்டில் இங்கிலாந்து அறிஞர் லாங்லி, நிகோடினை வைத்துத் தசையில் சோதனை செய்தார். அதை ஏற்றுக்கொள்ளும் பொருள் ஒன்று அங்கே இருக்கிறது என்றார். அந்தப் பொருள்தான் இந்த மதகு.

பீடியை இழுத்த 10 முதல் 20 விநாடிக்குள் நிகோடின் மூளைக்குப் போய்விடும். மதகு திறக்கும். கால்சியம் பாயும். டோபமைன் சுரக்கும். "ஆகா" என்று இருக்கும்.

பிறகு என்ன நடக்கும்? மதகுகள் மரத்துப் போகும். மூளை மேலும் பல மதகுகளை வைக்கும். அவ்வளவும் நிகோடின் கேட்கும். கிடைக்காவிட்டால் எரிச்சல் வரும். வேலை ஓடாது. ஆகவே, விட முடியாதவரை "வெட்கம் கெட்டவன்" என்று ஏசிப் பயன் இல்லை. அவருக்குத் தேவை உதவி.

மென்றால் கெடுதல் இல்லையா?

"நான் புகைப்பது இல்லை, வெற்றிலையோடு மெல்லுகிறேன்" என்பார்கள். அதுவும் தப்புக்கணக்கே. வாயில் சுண்ணாம்பு சேர்ந்தால் நிகோடின் இன்னும் எளிதாக ரத்தத்தில் கலக்கும். வாய்ப்புற்றும் வரும்.

பிள்ளைகளைக் காப்போம்

மூளை சுமார் 25 வயது வரை வளர்கிறது. வளரும் மூளையைக் கள்ளச்சாவி அதிகமாகக் கெடுக்கும். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் புகையிலை விற்கக் கூடாது, பள்ளியில் இருந்து 100 கெஜத்துக்குள்ளும் விற்கக் கூடாது என்று 2003-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.

சட்டம் மட்டும் போதுமா? "தம்பி, கடைக்குப் போய் ஒரு கட்டு பீடி வாங்கி வா" என்று மகனை அனுப்புகிறாரே தகப்பனார்! அதுதான் முதல் பாடம். வெள்ளிமலை ஆனாலும் கள்ளக்குறிச்சி ஆனாலும், அந்தப் பாடத்தை நிறுத்த வேண்டியவர் அவரே.

விட விரும்புகிறவர்கள் 1800-11-2356 என்ற எண்ணுக்குப் பேசலாம். கட்டணம் கிடையாது.

மகன் கையில் ஏடு இருக்கட்டும். கள்ளச்சாவி வேண்டாம்!