ஸ்பிரிங் ஒடிந்தால் படை நிற்கும்!

2020 ஜூனில் லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையுடன் நடந்த மோதலில் இந்திய வீரர்கள் 20 பேர் உயிர் இழந்தனர். அதன் பிறகு அங்கே ஆயிரக்கணக்கில் படை குவிக்கப்பட்டது. ரோந்து பற்றி 2024 அக்டோபரில் உடன்பாடு ஏற்பட்டது. ஆனால், காவல் ஓயவில்லை.

வீரருக்கு வேண்டிய அரிசி, மண்ணெண்ணெய், குண்டுகள் பெரும்பாலும் லாரியில் போகின்றன. கரடுமுரடான மலைப் பாதையில் லாரிக்கு முதல் எதிரி பள்ளம்தான்!

லாரியின் பாரத்தைத் தாங்குவது, அடுக்கி வைத்த இரும்புப் பட்டைகள். இவையே ஸ்பிரிங். இதில் 'மெயின் பிளேட்' ஒடிந்தால் சக்கரத்தின் அச்சு விலகும். வண்டி சாயும். பக்கத்திலோ பாதாளம்!

நடுவழியில் வைத்தியம்

வெல்டிங் வைத்தால் போதாதா? போதாது. அந்தச் சூட்டில் எஃகின் பதம் கெடும். மறுபடியும் ஒடியும்.

ஆகவே, வண்டியை ஜாக்கியால் தூக்குவார்கள். அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே மரக்கட்டை கொடுப்பார்கள். அச்சு நகராமல் சங்கிலியால் இறுகக் கட்டுவார்கள். சரக்கை இறக்கிவிட்டு, பட்டறைவரை மெதுவாக ஓட்டுவார்கள். புதுப் பட்டை அங்கேதான் மாட்டப்படும்.

ராணுவத்தில் இத்தகைய பழுது பார்க்கவே 1943-ல் 'இ.எம்.இ.' என்ற படைப்பிரிவு தோன்றியது.

ஆனால், கட்டை வைத்துக் கட்டுவது முதலுதவிதான். நோய் வராமல் தடுப்பது நல்ல சாலை. தர்புக்கிலிருந்து தவுலத் பேக் ஓல்டிக்கு 255 கிலோமீட்டர் சாலை 2019-ல் முடிந்தது. அதன் கடைக்கோடி 16,000 அடிக்கும் மேலே இருக்கிறது.

துப்பாக்கி பிடிப்பவர் எல்லையைக் காக்கிறார். ஸ்பானர் பிடிப்பவரும், சாலை போடுபவரும் அவரைக் காக்கிறார்கள்.