படகு போகிற ஆறா, பாலிதீன் போகிற ஆறா?

ஆற்றைச் சுத்தம் செய்து துடுப்புப் படகு விடலாம் என்று யாராவது பேசினால், சேலத்து வணிகப் பெருமக்களில் பாதிப் பேர் சிரித்துவிடுவார்கள். "திருமணிமுத்தாற்றில் படகா? மூக்கைப் பிடிக்க ஒரு கை, துடுப்புப் போட இரண்டு கை, ஆக மூன்று கை வேண்டுமே" என்பார்கள். சிரிப்பு நியாயமானதுதான். ஆனால் அந்த ஆற்றில் மிதந்து போகிற தெர்மாகோல், பேக்கிங் பட்டை, கிழிந்த சாக்கு, டீ கப் இவையெல்லாம் யார் வாசலிலிருந்து கிளம்பின என்று யோசித்தால் சிரிப்பு சற்று அடங்கும்.

சேர்வராயன் மலையில் பிறந்து, சுகவனேசுவரர் கோயில் பக்கமாகச் சேலம் நகரின் நடுவே வந்து, நாமக்கல் மாவட்டத்துக்குள் நுழைந்து, பரமத்தி வேலூர் வட்டம் நஞ்சை இடையாறு அருகே காவிரியில் சேருகிறது இந்த ஆறு. முத்து கிடைத்த ஆறு என்று பெயர்க்காரணம் சொல்வார்கள். இன்று மழைக்காலத்தில் நாலு நாள் வெள்ளம், மற்ற நாளில் சாக்கடை. சாயத் தண்ணீரையும் ஆலைக் கழிவையும் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம், மனுவும் கொடுத்திருக்கிறோம். கடைவீதிக் குப்பையைப் பற்றி மட்டும் பேச்சு வராது. இரவு கடை சாத்தும்போது பெருக்கித் தள்ளுவது சாக்கடைக்குள் போகிறது. முதல் மழையில் அது ஆற்றுக்குப் போகிறது. அங்கிருந்து எங்கே போகிறது? பரமத்தி வேலூருக்கு. நமக்கு வாழைத்தாரும் வெற்றிலையும் அனுப்புகிற ஊருக்கு. சரக்கு அனுப்புகிறவனுக்குக் குப்பையை ரிட்டர்ன் லோடாக ஏற்றிவிடுகிற வியாபாரம் வேறு எங்கே நடக்கும்?

சரி, இதில் படகு எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம்.

ஆறு சுத்தமாகிவிட்டது என்று யார் வேண்டுமானாலும் அறிக்கை விடலாம். எத்தனை லோடு மண் எடுத்தார்கள், எத்தனை மீட்டர் சுவர் கட்டினார்கள் என்று கணக்கும் காட்டலாம். ஆனால் ஒரு சிறு படகை இறக்கி, ஒரு பாலத்திலிருந்து அடுத்த பாலம் வரை ஓட்டிப் பார்த்தால் உண்மை தெரிந்துபோகும். முத்திரை குத்திய எடைக்கல் போல அது. பாலத்தூணில் என்ன சிக்கியிருக்கிறது, எந்த வளைவில் கோரையும் பாலிதீனும் சேர்ந்து அடைத்துக்கொள்கிறது, எந்தச் சாக்கடை வாயிலிருந்து என்ன வருகிறது என்பது கரையில் நிற்பவனை விடத் தண்ணீரில் இருப்பவனுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

பக்கத்துக் கேரளத்தில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். கோழிக்கோட்டுப் பக்கம் சாலியாற்றில் 2015 முதல் கயாக் என்னும் ஒற்றையாள் துடுப்புப் படகுகளில் நிலம்பூரிலிருந்து கடலோரத்துப் பேப்பூர் வரை சுமார் 68 கிலோமீட்டர், மூன்று நாள் துடுப்புப் போடுகிறார்கள். வெளிநாட்டுக்காரர்களும் வருகிறார்கள். போகிற வழியில் மிதக்கிற பிளாஸ்டிக்கைப் பொறுக்கிக்கொண்டே போவதுதான் அந்தப் பயணத்தின் சிறப்பு. விளையாட்டுக்கு விளையாட்டு, வேலைக்கு வேலை.

நம் மாநிலத்தில் இதற்கு நேர் எதிரான பாடம் ஒன்றும் உண்டு. சென்னைக் கூவத்தில் சீரமைப்பு என்று சொல்லி, படகுத்துறைகள் கட்டி, 1973ல் படகு விட்டார்கள். சாக்கடையை நிறுத்தாமல் படகு விட்டால் யார் ஏறுவார்கள்? சிறிது காலத்தில் படகு நின்றது, சாக்கடை நிற்கவில்லை. ஆகவே திருமணிமுத்தாற்றில் நாளைக்கே படகு விடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அது வீண் செலவு.

படகுக்கு இன்றே லாயக்கான தண்ணீர் காவிரியில் இருக்கிறது. நெரிஞ்சிப்பேட்டைக் கதவணை தேக்கும் தண்ணீரில், பூலாம்பட்டிக்கும் அக்கரைக்கும் விசைப்படகு ஆளையும் இருசக்கர வண்டியையும் ஏற்றிக்கொண்டு போய் வருகிறது. குட்டிக் கேரளா என்று சொல்லி ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு வருகிறார்கள். ஜேடர்பாளையத்தில் படுகை அணையையும் பூங்காவையும் பார்க்க வருகிற கூட்டமும் சிறியதல்ல. இங்கெல்லாம் துடுப்புப் படகு வந்தால் பகல் முழுக்க ஆள் தங்குவார்கள். ஆள் தங்கினால் சாப்பாட்டுக் கடைக்கும், பழக்கடைக்கும், பெட்டிக்கடைக்கும் வியாபாரம். ஏரி ஒன்றை வைத்து ஏற்காட்டுக் கடைக்காரர்கள் பிழைப்பதை நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

அதற்குத் தடையாக நிற்பது ஆகாயத்தாமரை. தோதான தண்ணீர் கிடைத்தால் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகிவிடும் செடி இது. மெஷின் வைத்து அள்ளுகிறார்கள், மறுபடி வருகிறது. காரணம், அதற்குத் தீனி போடுவதே நகரங்களின் சாக்கடைத் தண்ணீர்தான். தீனியை நிறுத்தாமல் மாட்டை விரட்டிப் பயனில்லை. ஆடி 18 அன்று மாலையையும் பழந்துணியையும் ஆற்றோடு விடுகிற நம் வழக்கத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், தெரியும். துணி துடுப்பில் சுற்றினால் படகு கவிழும் என்றாவது சொல்லிப் பார்க்கலாம்.

அரசாங்கம் செய்யட்டும் என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2010 வாக்கில் கன்னங்குறிச்சி மூக்கனேரியைச் சேலத்து மக்களே முன்னின்று சீர்செய்தார்கள். அள்ளிய வண்டலை வெளியே கொண்டுபோகாமல் ஏரிக்குள்ளேயே திட்டுகளாகக் குவித்து மரம் நட்டார்கள்; பறவைகள் வந்தன. ஆற்றுக்கு அந்த யோசனை ஒத்துவராது. கரையில் குவித்தது அடுத்த வெள்ளத்தில் திரும்ப ஆற்றுக்குள் போய்விடும். அள்ளிய அன்றே லாரியில் ஏற்றி அப்புறப்படுத்த வேண்டும். பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான். லாரிக்கா நமக்குப் பஞ்சம்? நாமக்கல்லும் சங்ககிரியும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன.

சித்திரை, வைகாசியில் ஆறு வற்றிக் கிடக்கும்போதே கடைவீதிகளை ஒட்டிய பகுதியை நம் சங்கம் ஏற்றுக்கொண்டு, மாநகராட்சியோடு பேசிச் சுத்தம் செய்யலாம். கடைவீதிச் சாக்கடைகள் ஆற்றில் விழும் இடங்களில் கம்பி வலை அடிக்கலாம். வலையில் சேர்வதை வாரம் ஒருமுறை எடுக்க ஆள் வேண்டும். எடுக்காவிட்டால் மழை பெய்த அன்று சாக்கடை எதிர்த்துக் கடைக்குள் வரும். 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் தடை வந்தபோது நாம் எவ்வளவு வாதாடினோம்! அந்த வாதத்தில் நியாயம் இருந்தது. பெரிய கம்பெனிகளை விட்டுவிட்டுச் சிறு கடைக்காரனைப் பிடித்தார்கள். ஆனாலும் வலையில் சிக்குகிற பைகளில் நம் கடைப் பெயர் அச்சடித்திருந்தால் அந்த வாதம் எடுபடாது.

காவிரியில் துடுப்புப் படகு விடுவதற்கு நீர்வளத் துறை அனுமதி வேண்டும். மேட்டூரில் தண்ணீர் கூடுதலாகத் திறக்கும் நாட்களில் படகை நிறுத்தியாக வேண்டும். கதவணை மதகுப் பக்கம் எந்த நாளும் போகக்கூடாது. மிதவைச் சட்டை இல்லாமல் ஒருவரையும் ஏற்றக்கூடாது. இவற்றைக் கறாராக எழுதிக்கொடுத்து, பூலாம்பட்டியிலும் ஜேடர்பாளையத்திலும் உள்ள பரிசல்காரர்களையும் படகுக்காரர்களையும் முன்னிறுத்தி மனுப் போடலாம். அவர்கள் பிழைப்பைப் பறித்து வெளியூர்க் கம்பெனிக்குக் கொடுக்கிற ஏற்பாடாக இது ஆகிவிடக் கூடாது.

வரும் செயற்குழுவில் இதைப் பொருளாகச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். முதல் கோடைக்கு லாரி வாடகையைச் சங்கம் ஏற்பதா, கடைக்கு இவ்வளவு என்று பிரிப்பதா என்பதிலிருந்து பேச்சைத் தொடங்கலாம்.